நெட்டு பார்த்த வைத்தியம்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் எத்தனையோ பெரிய டாக்டர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைக் கையால்கூடத் தொடாமல், தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆஸ்பத்திரியையும் நடுங்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் நெட்டு.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே நெட்டு என்பது உயரத்தால் வந்த பெயர் அல்ல. எதற்கெடுத்தாலும் "இரு, நெட்ல பாத்துர்றேன்" என்பார். அதனால் ஐசியூ வாசலில் காத்திருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து சூட்டிய பெயர். சொந்தப் பெயரை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கும் என் போனில் அவர் "நெட்டு ஐசியூ"தான். தொழில், ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ. வீடு வேப்பம்பட்டில்.

அவரை நான் சந்தித்தது என் அப்பாவால். அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவருக்கு நுரையீரலில் சளி கட்டி, மூச்சு விட மெஷின் வைக்கும்படி ஆகிவிட்டது. அப்பா பிழைத்து வந்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

ஐசியூவுக்கு வெளியே ஒரு ஹால். வரிசையாக இரும்பு நாற்காலிகள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். மத்தியானம் டாக்டரம்மா வந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் நாலு வார்த்தை பேசுவார். மீதி நேரமெல்லாம் நாமும் நம் போனும்தான். அந்த ஹாலில் தலை நிமிர்ந்து உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்ன நாலு வார்த்தையில் புரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் போனுக்குள் இறங்கிவிடுவார்கள். தேடியதைப் பக்கத்தில் இருக்கும் சொந்தத் தம்பிக்குக்கூடக் காட்டாமல் திரையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான். அம்மாவோ சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் மூழ்கியிருந்தாள். ஒருவர் தூதுவளை என்றார், ஒருவர் ஆடாதொடை என்றார், ஒருவர் அப்பாவின் கட்டிலை வடக்குப் பார்த்துத் திருப்பச் சொன்னார்.

இப்படி ஊமைப்படமாக ஓடிக்கொண்டிருந்த ஹாலில் நெட்டு ஒருவர்தான் பேசும்படம். அவருக்கு எழுத்து தட்டப் பொறுமை கிடையாது. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "பூந்தமல்லி, கரையான்சாவடி, ஏறு ஏறு" என்று கூப்பிடுகிற அதே தொண்டையில் கேட்பார். போன் ஒன்று கேட்டால் ஒன்று காட்டும். தான் கேட்டது என்ன என்று அவர் யோசிக்கவே மாட்டார், அது காட்டியதை நம்பிவிடுவார்.

நான் போன முதல் நாள். யாருக்கோ ரத்தத்தில் கிருமி பரவி செப்சிஸ் என்று சொல்லியிருந்தார்கள். நெட்டு போனிடம், "செப்சிஸ்னா இன்னா?" என்றார். போன் யோசித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற நேந்திரம் சிப்ஸ் கடைகளை எல்லாம் வரிசையாகக் காட்டியது. நெட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அந்த நோயாளியின் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கப்பா சிப்ஸு நெறைய துன்னுவாரா?"

"எப்பவாச்சும் சாப்பிடுவாருங்க."

"அதான் நைனா. எண்ணெய்ல கீது பிரச்சன."

அந்தப் பையன் ரொம்ப நாளைக்கு அப்பாவின் சிப்ஸ் பழக்கத்தை நினைத்து அழுதுகொண்டிருந்தான்.

அடுத்த நாள் கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற அளவு அது. போன் அதைக் "கறி ஆட்டின்" என்று கேட்டுக்கொண்டது. செட்டிநாட்டு ஆட்டுக்கறிக் குழம்பு செய்முறை ஒரு பெண் குரலில் ஒலிக்க ஆரம்பித்தது. சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு, கசகசா. நெட்டு பதறி நிறுத்தப் போனார். ஹாலில் யாரும் விடவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரி கேன்டீன் சாம்பார் சாதத்தில் நாக்கு செத்துக் கிடந்தவர்கள். கடைசிவரை கேட்டோம். முடிந்ததும் ஒரு பெரியவர் மெதுவாக, "தேங்காய் எப்பப் போடச் சொன்னா?" என்று கேட்டார்.

நெட்டுவின் அக்கா மகன் அவர் போனில் செயற்கை அறிவு ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கேள்வி கேட்டால் மனிதரைப் போலப் பதில் பேசும். நெட்டுவுக்குச் சொர்க்கமே கிடைத்ததுபோல இருந்தது. ஆனால் ஒரே நாளில் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. அது ரொம்ப மரியாதையான ஆப். எதைக் கேட்டாலும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று முடிக்கும்.

"டாக்டராண்ட கேட்டா அப்பால பேசலாங்கிறாங்கோ. உன்னாண்ட கேட்டா டாக்டராண்ட கேளுங்கிற. நடுவுல நான் இன்னா, பந்தா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

"உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றது போன்.

"இன்னாத்த புரிஞ்சுது உனுக்கு. உன் ஊட்ல யார்னா படுத்துகினு கீறாங்களா?"

போன் திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாலில் பலரும் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார்கள்.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் அவரைப் பிடிக்கவில்லை. அவள் தென்காசிப் பக்கம். இத்தனை வருஷம் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தும் மெட்ராஸ் பேச்சு அவள் காதுக்குள் இறங்கியதில்லை. "ஏய்யா, அந்த ஆளு போடுத சத்தம் உள்ள உங்கப்பாவுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள். கேட்காது என்றேன். "கேட்டா நல்லதுதான். எந்திச்சு வந்து ஏசிருவாக" என்றாள்.

எனக்கும் நெட்டுவுக்கும் பழக்கம் வந்தது ஒரு தப்பான புரிதலால். "இன்னா வேலை நைனா உனுக்கு?" என்று கேட்டார். "பத்திரிகையில எழுதறேங்க, ரைட்டர்" என்றேன். ஹாலில் இரைச்சல். முன்பாதி அவர் காதில் விழவில்லை, பின்பாதி விழுந்தது. சென்னையில் ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பெரிய பதவி உலகத்தில் இல்லை. சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். சாயங்காலத்துக்குள் செய்தி வாசல் செக்யூரிட்டி வரை போய், அவர் எனக்கு சல்யூட் வைத்தார். பார்வை நேரம் முடிந்த பிறகும் என்னை அப்பா அருகில் நிற்க விட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவே சில நாள் ஆயிற்று.

இந்தச் சந்தோஷமெல்லாம் பூந்தமல்லி அக்கா வரும்வரைதான்.

பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருக்கிற அம்மா அவர். வீட்டுக்காரருக்கு வயிற்றில் குடலிறக்க ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, ஒரு நாள் கவனிப்புக்காக ஐசியூவில் வைத்திருந்தார்கள். அக்கா கையிலிருந்த காகிதத்தில் "வென்ட்ரல் ஹெர்னியா" என்று எழுதியிருந்தது. வயிற்றின் முன்பக்கக் குடலிறக்கம், அவ்வளவுதான். நெட்டு அதை வாங்கி எழுத்துக்கூட்டினார். "வென்ட்" வரைக்கும் படித்தார். முகம் மாறிவிட்டது.

"அக்கா, மனச தேத்திக்கோ. அண்ணாத்தய வென்டிலேட்டர்ல போட்டுக்கீறாங்கோ."

அக்கா போட்ட கூச்சலில் ஹாலின் ஏசியே நின்றுபோனதுபோல இருந்தது. அழுதுகொண்டே பூந்தமல்லிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அதில் முன்யோசனைக்காரர் ஒருவர் கையில் மாலையே இருந்தது. எல்லோரும் ஐசியூ கதவைப் பிடித்துக்கொண்டு கதறுகிற நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இட்லி தின்றுகொண்டே, வார்டுக்குப் போவதற்காக வெளியே வந்தார். இத்தனை பேர் அழுவதைப் பார்த்ததும் அவருக்கு இட்லி தொண்டையில் நின்றுவிட்டது.

"யாரு போய்ட்டாங்கோ?" என்று கேட்டார்.

மாலையைப் பார்த்தார். பிறகு யார் என்று தெரியாமலே அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை ஹால் சுவரில் ஒரு புது அறிவிப்பு ஒட்டப்பட்டது. "நோயாளிகளின் உறவினர்கள் பிற நோயாளிகளுக்கு நோய் கண்டறிவதைத் தவிர்க்கவும்." உலகத்தில் வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு வாசகம் இருக்காது என்று நினைக்கிறேன். டாக்டரம்மா நெட்டுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "ரைட்டரே, நீயும் வா. ஸ்டேஷன் ஆளு கூட இருந்தா மருவாதியா பேசுவாங்கோ" என்று நெட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கோபப்படக்கூட நேரமில்லாத முகம்.

"நீங்க வைத்தியம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"போன்லம்மா."

"எவ்வளவு நாள்?"

"சார்ஜு கீற வரைக்கும்."

அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அடுத்தவங்க ரிப்போர்ட்டையெல்லாம் வாங்கிப் படிக்கறீங்க. உங்க மனைவிக்கு என்னன்னு இதுவரைக்கும் ஒரு தடவைகூட எங்கிட்ட கேக்கலையே, ஏன்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதே ஹாலில்தான் அவரும் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவருக்கும் உள்ளே யாரோ இருக்க வேண்டும் அல்லவா. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க அவர் இடமே கொடுக்கவில்லை.

நெட்டு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நெட்டுவின் மனைவி கஸ்தூரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். அவருக்கு வந்திருப்பது, இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயரை ஒட்டி வைத்த ஒரு நரம்பு வியாதி. உடம்பில் கிருமியோடு சண்டை போட வேண்டிய சக்தி, திசை மாறித் தன் நரம்புகளையே அடிக்கிறது. முதலில் கால், பிறகு கை, பிறகு மூச்சு. பெரும்பாலானவர்கள் எழுந்துவிடுவார்கள், ஆனால் மெதுவாகத்தான். நடுவில் வேறு ஏதாவது தொற்று வந்துவிட்டால் ஆபத்து. அதனால் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

"இன்னொண்ணு. கண்ணிமையைத் தவிர அவங்களால எதையும் அசைக்க முடியாது, பேச முடியாது. ஆனா முழு நினைவோட இருக்காங்க. நீங்க பக்கத்துல நின்னு பேசினா எல்லாம் கேக்கும்" என்றார்.

"நான் தெனம் போறப்போ சும்மாதாம்மா நின்னுகினு கீறேன்" என்றார் நெட்டு. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

வெளியே வந்து எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றோம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஊர்ல கீறவன் வியாதியெல்லாம் பாத்தேன் ரைட்டரே. இவளுக்கு மட்டும் கை வரல. பாத்துட்டேன்னு வெச்சிக்கோ, அப்பால அவ மூஞ்ச பாக்கறப்போ அவ தெரிய மாட்டா. அதுல போட்டிருந்ததுதான் தெரியும்."

என் சட்டைப்பையில் இருந்த போனைக் காட்டினார்.

"நீ பாரு. பாத்து, நல்லத மட்டும் சொல்லு. நீ ஸ்டேஷன்ல எழுதற ஆளு, எத எழுதணும் எத வுடணும்னு உனுக்குத் தெரியும்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். நான் போலீஸ் ரைட்டர் இல்லை, பத்திரிகையில் கட்டுரை எழுதுகிற ரைட்டர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கதை வுடறவனா நீ? அப்ப இன்னும் சோக்கா போச்சு. பாரு."

போனில் அந்த நோயின் பெயரைத் தட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஓட்டப் பந்தயம் ஓடியவர் இருந்தார். ஊன்றுகோலோடு நின்றுபோனவர் இருந்தார். மகள் எழுதிய ஒரு பதிவு இருந்தது, அதன் முடிவைப் பார்த்ததும் திரையை வேகமாக மேலே தள்ளினேன். நல்லதாக இருந்ததை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். நெட்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம், "பெரும்பாலான நோயாளிகள் மீண்டும் நடக்கத் தொடங்குகிறார்கள்" என்று அழகாக ஆரம்பித்து, "எனினும்" என்று திரும்பியது. நான் "எனினும்" என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திக்கின?"

"அங்க புள்ளி வந்துடுச்சு."

கண்ணைத் திறந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"சரி. புள்ளி வந்தா நிறுத்தத்தானே வேணும்" என்றார்.

அன்று மாலையிலிருந்து நெட்டுவின் வைத்தியம் வேறு வழியில் போக ஆரம்பித்தது. கஸ்தூரிக்குக் காது கேட்கிறது என்று தெரிந்துவிட்டதே, என்ன பேசுவது என்று ஹால் முழுக்க யோசனை கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும்?" என்றாள் அம்மா. சீரியல். வேலை முடிந்து வந்து இரவுச் சமையலுக்கு நடுவில் கஸ்தூரி விடாமல் பார்க்கும் சீரியல் ஒன்று உண்டு. படுத்ததிலிருந்து அந்தக் கதை என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. நெட்டு போனில் விட்டுப்போன பகுதிகளை எல்லாம் பார்த்தார். நோயைத் தேடியதைவிட அக்கறையாகப் பார்த்தார். மாலையில் உள்ளே போய், குனிந்து, மனைவியின் காதில் கதை சொன்னார். "ஆமான்னா கண்ண ஒருக்கா மூடுறா" என்று வெளியே வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்த சீரியல்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கதையில் கஸ்தூரிக்கு உயிரான பெரிய மருமகளை விபத்தில் அடிபட வைத்து, ஐசியூவில் படுக்க வைத்து, இரண்டே நாளில் சாகடித்துவிட்டார்கள்.

நெட்டு போனை வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். "இத எப்படி அவளாண்ட சொல்றது?"

ஹாலில் மாநாடு கூடியது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். சீரியலே நின்றுவிட்டது என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர். அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "அவ சாகாண்டாம். பிழைச்சு வரட்டும். ஏய்யா, நீ எழுதுதவன்தானே, எழுதிக் குடு."

எத்தனையோ பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். தினமும் கெடு வைத்து, தலைக்கு மேல் நின்று கதை வாங்கிய ஆசிரியர் என் வாழ்க்கையில் நெட்டு ஒருவர்தான். நான் பெரிய மருமகளுக்கு நினைவு திரும்ப வைத்தேன். வில்லியான சின்ன மருமகள் மனம் திருந்தி ஜூஸ் பிழிந்துகொண்டு வந்தாள். "வாணாம் நைனா, அவ திருந்த மாட்டா, என் ஊட்டுக்காரி நம்ப மாட்டா" என்று நெட்டு அந்தக் காட்சியை வெட்டினார். உள்ளே நர்ஸுகள் பக்கத்துக் கட்டிலில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்று கேட்பார்களாம். ஒரு மத்தியானம் என் அப்பாவைப் பற்றிப் பேச வந்த டாக்டரம்மா, பேசி முடித்துக் கிளம்பும்போது திரும்பி நின்று, "அந்தப் பெரிய மருமகள் வீட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். நாளைக்கு டிஸ்சார்ஜ் என்றேன்.

அப்பாவுக்கு மெஷினை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். ஹாலில் இருக்கவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஆனால் அதே வாரத்தில் கஸ்தூரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரம்மா பயந்த அதே தொற்று. அன்று மாலை யாரையும் உள்ளே விடவில்லை. செய்தி கேட்டு மாடி வார்டிலிருந்து நான் கீழே வந்தபோது அம்மா எனக்கு முன்னால் வந்து நெட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நெட்டுவின் கையில் போன் இருந்தது. திரை இருட்டாக இருந்தது. எதுவும் கேட்கவில்லை, எதுவும் தேடவில்லை. அந்த ஹால் அவ்வளவு அமைதியாக இருந்ததைத் தாங்கவே முடியவில்லை. ஏதாவது கேளுங்களேன், சிப்ஸ் கடையாவது காட்டட்டும் என்று எனக்குத் தோன்றியது.

லிஃப்ட் திறந்தது. ஒரு தூக்குவாளியோடு பூந்தமல்லி அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். யாரோ நர்ஸ் சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நெட்டுவுக்கு எதிரே நின்று, "உன்னால எங்க சொந்தக்காரங்க முன்னால என் மானமே பூட்ச்சு" என்றார்.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்.

"கஞ்சி கீது. குடி. காலைலேர்ந்து ஒண்ணுமே துன்னலியாமே."

அவர் குடிக்கும்வரை அக்கா நகரவில்லை. குடித்த பிறகும் நகரவில்லை. அன்றும் மறுநாளும் நாங்கள் நாலு பேரும் அந்த இரும்பு நாற்காலிகளில்தான் இருந்தோம். அம்மா தூங்கித் தூங்கி அக்காவின் தோளில் சாய்ந்தாள். கடைசியில் டாக்டரம்மா வந்து, முகக்கவசத்தை இறக்கி, "காய்ச்சல் இறங்கிடுச்சு. மருந்து கேக்குது" என்றார். நெட்டு எழுந்து அவர் காலில் விழப் போனார். டாக்டரம்மா பதறி விலகவே, நெட்டு அந்த வேகத்தில் அவருக்குப் பின்னால் நின்ற செக்யூரிட்டி காலில் விழுந்துவிட்டார். செக்யூரிட்டி கூச்சப்பட்டுக்கொண்டே ஆசீர்வாதம் செய்தார்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான். கஸ்தூரிக்கு முதலில் விரல் அசைந்தது. மெஷின் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டார். தொண்டையில் வைத்த குழாயை எடுத்தார்கள். அதற்குள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். கஸ்தூரியை வார்டுக்கு மாற்றியதாகச் செய்தி வந்ததும் நானும் அம்மாவும் பழங்களோடு பார்க்கப் போனோம். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, கூர்மையான கண்கள் கொண்ட பெண். கரகரத்த குரல், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

வார்டில் டிவி இருந்தது. அதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டின் கூடம். சுவரில் பெரிய மருமகளின் படம், அதற்குச் சந்தன மாலை, முன்னால் விளக்கு. நான் நெட்டுவைப் பார்த்தேன், நெட்டு என்னைப் பார்த்தார். அம்மா பழத்தை எண்ணுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

கஸ்தூரி டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கணவன் பக்கம் திருப்பினார்.

"இன்னாயா இது?"

"அது வந்து... அவ இல்ல. அவளோட ரெட்டப் பொறந்தவ."

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் சொன்னார்.

"நீ சொல்றது பொய்யின்னு அப்பவே தெரியும்யா. அந்த டைரக்டருக்கு அவ்ளோ நல்ல மனசு கெடையாது."

"தெரிஞ்சா இன்னாத்துக்குக் கண்ண மூடி ஆமா ஆமான்ன?"

கஸ்தூரி அவரையே பார்த்தார். "நீ என்னாண்ட உக்காந்து அவ்ளோ நேரம் எப்ப பேசிக்கீற? நிறுத்திடப் போறியேன்னுதான்" என்றார்.

நெட்டு எழுந்தார். தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாட்டில் நிரம்பித்தான் இருந்தது.

கஸ்தூரி இப்போது நடக்கிறார். மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடி வேண்டும். தையல் மெஷினுக்கும் திரும்பிவிட்டார். நெட்டு பழையபடி ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஓட்டுகிறார். வண்டியில் யாராவது இருமினால் அடுத்த நிறுத்தத்துக்குள் நோயைச் சொல்லிவிடுகிறார் என்று கேள்வி.

போன மாதம் அப்பாவுக்குத் திரும்பவும் மூச்சுத் திணறல். பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது, இரண்டே நாளில் வீடு வந்துவிட்டார். ஆனால் சேர்த்த அன்றைக்கு அது தெரியாது. அதே ஹாலில் தனியாக உட்கார்ந்து, டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் போனில் தட்டப் போனேன். அப்போது "நெட்டு ஐசியூ" என்று திரை ஒளிர்ந்தது. அம்மா கஸ்தூரிக்குச் சொல்லி, கஸ்தூரி அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

"ரைட்டரே, போன்ல ஒண்ணும் பாக்காத. நான் வந்துகினே கீறேன்."

"சவாரி இல்லையா உங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் போனில் கேட்டது. "அண்ணா, இது பூந்தமல்லி ரூட்டு இல்லியே?"

"ஆஸ்பத்திரி வழியாதாம்மா போவும், இன்னிக்கு மட்டும். குந்து" என்றார் நெட்டு.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்தேன்.